தன் சத்தத்தைக் கழிக்கத் தெரிந்தவள்

அவள் முகத்தை நினைத்தால் இப்போது மூக்குத்தி மட்டும்தான் வருகிறது. ஆனால் அவள் கையை உயர்த்துவது அப்படியே கண்ணில் இருக்கிறது. குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத்துச் சரிவில், எங்கள் கம்பத்தடியில் நின்று வலது கையைத் தோளளவுக்குத் தூக்குவாள். ஜீப் டிரைவர் பாட்டை நிறுத்துவார். சாமான் தூக்கி வந்த ஆட்கள் பேச்சை நிறுத்துவார்கள். கம்பத்தில் இருந்த பெட்டிக்கு மனிதர் பேச்சு கேட்காது, அது கேட்பது வானொலி அலையை மட்டும்தான் என்பது எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் எல்லோரும் சும்மா இருக்கவேண்டும்.

"அது தன்னைத்தானே கேட்டுக்கிட்டிருக்குண்ணே. அந்நேரம் நாம பேசுனா நல்லாருக்காது" என்பாள்.

அவள் என்றுதான் எழுதுகிறேன். என்னைவிடப் பதினாறு வயது சின்னவள், என் கீழே வேலை பார்த்தவள் என்பதால் முதல் நாளே 'வா, போ' என்று கூப்பிட்டேன். இப்போது 'அவர்' என்று எழுதினால் அன்றைக்கும் மரியாதையாக நடந்துகொண்டவன்போல் ஆகிவிடும். அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியாமல் அதைக் கேட்டால், நான் செய்தது எவ்வளவு கேவலம் என்பது விளங்காது.

எங்கள் சோலி இதுதான். மலைத்தோட்டங்களில் பல இடங்களில் செல்போன் எடுக்காது. கோயம்புத்தூரில் இருந்த ஒரு சின்ன நிறுவனம், தோட்டத்து ஆட்களுக்குக் கையில் வைத்துப் பேசும் கருவிகளைக் கொடுத்து, நடுவே சரிவில் ஒரு கம்பத்தில் ஒரு பெட்டியை வைத்து, தோட்டத்தில் பேசினால் குரங்கணிக்கும் போடிக்கும் கேட்கும்படி செய்து பார்த்தது. நான் போடிக்காரன், ஏலக்காய் வியாபாரக் குடும்பம், எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அவளுக்குச் சிலமலை. விவசாயக் குடும்பத்தில் முதலில் இன்ஜினியரிங் படித்த பெண். போடி அலுவலகத்தில் என்னை 'சார்' என்பாள். ஜீப் மலையேற ஆரம்பித்ததும் 'அண்ணே' ஆகிவிடுவேன்.

போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் வாக்கி-டாக்கியில் ஒருவர் பேசி முடித்துப் பொத்தானை விட்டால்தான் மற்றவர் பேசலாம். எங்கள் பெட்டி அப்படியில்லை. ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். வம்பே அதில்தான். பெட்டியின் ஓர் ஆன்டெனா போடியைப் பார்த்துப் பேசும். நான்கடி தள்ளி இன்னோர் ஆன்டெனா தோட்டத்துக் குரலைக் கேட்கும். தோட்டத்துக் குரல் இரண்டு மலைமடிப்பு தாண்டி நூலாக வந்து சேரும். பெட்டியின் சொந்தக் குரலோ காதில் வாயை வைத்துக் கத்துவதுபோல் பக்கத்திலிருந்து வந்து விழும். தன் சத்தத்தில் தானே செவிடாகிவிடும்.

அதற்கு ஒரு வழி உண்டு. தான் என்ன பேசுகிறோம் என்பது பெட்டிக்குத் தெரியும். அதன் நகலை எடுத்து, காதில் விழுவதிலிருந்து கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது அடுத்தவர் குரல். ஆனால் சொந்தக் குரல் நேராக மட்டும் திரும்பி வருவதில்லை. பாறையில் பட்டு, தகரத்தில் பட்டு, நனைந்த இலையில் பட்டு, துளித்துளி தாமதமாக வந்து சேரும். மழை பெய்தால் அது மாறும். பக்கத்தில் ஒரு ஜீப் வந்து நின்றாலும் மாறும். அதனால் பெட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லோருடைய பேச்சையும் அரை நொடி நிறுத்திவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு சத்தத்தைப் போட்டு, அது எப்படித் திரும்பி வருகிறது என்று அளந்துகொள்ளும்.

தோட்டத்துப் பெண்களுக்கு இதை அவள் சொல்லிக் கொடுத்த விதம் வேறு. சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போணியைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"திருவிழாவுல மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டுபோனா கூய்யின்னு கத்துமில்லக்கா, அதான். தான் சொன்னதையே தான் கேட்டு, அதையே திருப்பிச் சொல்லி, அதையே மறுபடி கேட்டு, அப்பிடியே ஏறிப்போகும். மொதல்ல நம்ம சத்தத்தைக் கழிச்சிரணும். பெறகுதான் அடுத்தவுக பேசுறது கேக்கும்."

"எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணு மாட்டிவிடு தாயி" என்றார் ஓர் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அப்படி ஒன்று செய்ய முடியுமா என்று யோசிப்பவள்போல அந்த அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேடிக்கைப் பேச்சு உடனே பிடிபடாது.

அவள் குணமே அதுதான். எந்தத் தகராறு வந்தாலும் முதலில் தன் பக்கம் என்ன இருக்கிறது என்று தேடுவாள். ஒருநாள் போடி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் அவளைக் கண்டபடி ஏசினார். வரிசையில் தன்னை இடித்துவிட்டுப் போனாளாம். இடித்தது வேறொரு பையன், நான் பார்த்தேன். அவள் தன் தோள்பையைக் கழற்றி, அதன் அகலத்தைப் பார்த்து, நின்ற இடத்தைப் பார்த்து, "பை பட்டிருக்கலாம் ஐயா" என்றாள். பெரியவர் இன்னும் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போனார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு நான் சொன்னேன்.

"உனக்கு ரோஷமே கிடையாதா? இடிச்சது அந்தப் பய."

"அதுவும் தெரியும் சார். ஆனா என் பையும் பட்டுச்சு. அதை மொதல்ல சொல்லிட்டா அந்தப் பயலைப் பத்தி அவரே யோசிப்பாருன்னு நெனச்சேன். யோசிக்கலை."

நான் அவளுக்கு நேர்மாறு. தேவாரம் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்து முகட்டில் கிராமங்களுக்கு இன்டர்நெட் விட ஓர் ஆன்டெனா தட்டு வைத்திருந்தார். ஒரு மாதம் எங்கள் பெட்டியில் விடாமல் இரைச்சல். அவருடைய தட்டுதான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டு போனில் கூப்பிட்டுக் கத்தினேன். அரசாங்கத்துக்கு எழுதி உங்கள் உரிமத்தைப் பறிப்பேன் என்றேன். அந்த மனிதர் பதறிப்போய் இரண்டு நாள் தன் தட்டை நிறுத்தி வைத்தார். இரைச்சல் அப்படியே இருந்தது. நான் அதையும் நம்பவில்லை. நிறுத்தியதாகப் பொய் சொல்கிறார் என்றேன்.

அவள் ஒரு முழு நாள் எங்கள் கம்பத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஸ்பானரால் ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிக் கேட்டாள். சாயங்காலம் ஒரு துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். நம்முடைய அலையே அந்தத் துருவில் சிதறி நம் காதிலேயே இரைச்சலாக விழுந்திருக்கிறது. புது போல்ட் போட்டதும் பெட்டி சுத்தமாகிவிட்டது. அவள் என்னிடம் வேறெதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தேவாரம் போய் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள், 'எங்க சார் கேக்கச் சொன்னாரு' என்று. அவர் எனக்குப் போன் செய்து நன்றி சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. நானும் அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வேலையெல்லாம் ஓரளவு முடிந்து தோட்டத்து முதலாளிக்குக் காட்டும் நாள் வந்தது. அவர் எனக்கு மாமா முறை. போடியில் உட்கார்ந்துகொண்டு தோட்டத்துக் கங்காணியுடன் பேசினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் இருவருக்கும் கேட்டது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஆனால் நடுநடுவே அந்த அரை நொடி நிசப்தம் வந்ததும் முகம் சுளித்தார்.

"என்ன மாப்ளே, பேசிக்கிட்டிருக்கும்போதே தொண்டை அடைக்குது?"

"சரி பண்ணிர்றேன் மாமா" என்றேன். அன்று மத்தியானமே அலுவலகத்துக் கணினியிலிருந்து பெட்டியின் அமைப்பை மாற்றினேன். சில நிமிடத்துக்கு ஒருமுறை என்றிருந்ததை, நாளுக்கு ஒருமுறை, யாரும் பேசாத விடியற்காலையில் என்று ஆக்கினேன். மறுநாள்தான் அவளிடம் சொன்னேன்.

"மழை ஏறப்போகுது சார். நாளுக்கு ஒரு தடவைன்னா தாங்காது" என்றாள்.

"முதலாளிக்குப் பிடிக்கணும்ல. பெட்டிக்குப் பிடிச்சு என்ன செய்ய?"

"ஒருவேளை நாந்தான் ரொம்பப் பயப்படுறனோ என்னமோ. அளந்து பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றாள். மூன்று நாள் மலையில் இருந்து அளந்துவிட்டு வந்து ஒரு முழுப் பக்கம் எழுதி என் மேஜையில் வைத்தாள். நான் அதன்மேல் டீ கிளாசை வைத்தேன். அந்த வாரம் அதைப் படிக்கவில்லை.

மழை ஏறியது. ஒருநாள் காலை, கொட்டகை போடுவதற்காகத் தோட்டத்து ஆட்கள் புதுத் தகரங்களைக் கொண்டுவந்து எங்கள் கம்பத்தில் சாய்த்து வைத்தார்கள். பெட்டி விடியற்காலையில் தன்னை அளந்தபோது அங்கே தகரம் இல்லை. அடுத்து அளக்க மறுநாள் ஆகவேண்டும். தன் குரல் தகரத்தில் பட்டுத் திரும்புவதை அது அறியாது. கூய்யென்று தனக்குள்ளேயே கத்திக்கொண்டு செவிடாக நின்றது.

பத்து மணி வாக்கில் காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மேல் நிழல்மரத்தின் கிளை ஒடிந்து விழுந்தது. கால் நசுங்கிவிட்டது. ஐம்பதை நெருங்கிய அம்மா, குரங்கணிக்காரர். கங்காணி கருவியை எடுத்து ஜீப்புக்குக் கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஓர் ஆளை மழையில் நடந்து இறங்கச் சொன்னார். ஜீப்பு மேலே போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் டீ கிளாஸ் வட்டம் படிந்த அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். கம்பத்தருகே ஏதாவது உலோகம் வந்தால் பெட்டி அடுத்த விடியல் வரை செவிடாகிவிடும் என்று அவள் கையெழுத்தில் இருந்தது. நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து நிறுவனத் தலைவர் வந்தார். மூன்றே பேர் உட்கார்ந்தோம். என்ன நடந்தது என்று கேட்டார். பதில் சொல்லவேண்டியவன் நான். நான் வாய் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்தாள்.

"மொதல்ல என் பக்கத்தைச் சொல்லிர்றேன் சார். இரும்பு, தகரம் எதையும் கம்பத்துக்கிட்ட வைக்கக்கூடாதுன்னு தோட்டத்து ஆளுகளுக்குச் சொல்லி வச்சிருக்கணும். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். மேல போகலை. சொல்லலை. அது என் தப்புதான்."

அவர் எழுதிக்கொண்டார். அவள் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். முறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. பஸ்ஸில் இடம் விட்டு நகர்ந்து உட்காருபவளைப்போல் இருந்தாள். தலைவர் என்னைக் கேட்டார்.

"வேற ஏதாவது உண்டா?"

"இல்ல சார்" என்றேன்.

அந்த வார இறுதியில் அவளுக்குக் கடிதம் வந்தது. கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். தன் மேஜையைத் துடைத்து, ஸ்பானர்களை எண்ணி என்னிடம் ஒப்படைத்துவிட்டு, "வர்றேன் சார்" என்று சொல்லிப் போனாள். காலை இழந்த அம்மாவின் வீட்டில் என்ன சொன்னார்கள் என்றும் எனக்குத் தெரியும். 'கம்பெனிப் பொண்ணு சரியா வந்து பாக்கலை.' தோட்டத்தில் அப்படிச் சொல்லச் சொன்னவன் நான்தான்.

இரண்டு வருடம் இதை வைத்துக்கொண்டு நன்றாகவே சாப்பிட்டேன், தூங்கினேன். பெட்டியைக் கம்பத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நானும் வேறு வேலைக்குப் போனேன். பிறகு ஒருநாள் மதுரையிலிருந்து ஒரு நிறுவனம் போன் செய்தது. அவள் அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பழைய மேலதிகாரி என்று என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். என்னை நம்பிக் கொடுத்திருக்கிறாள். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார்கள்.

"நல்ல பொண்ணு. கவனம் கொஞ்சம் போதாது" என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. உண்மையைச் சொல்வதால் எனக்கு அப்போது எந்த நஷ்டமும் இல்லை. முன்பு சொன்னதோடு பொருந்தவேண்டும் என்பதற்காகச் சொன்னேன், அவ்வளவுதான். போனை வைத்த பிறகுதான் செய்தது உறைத்தது. மறுநாள் காலை ஜீப்பை எடுத்துக்கொண்டு சிலமலை போனேன்.

அவள் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்தாள். செல்போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெட்டிகளை ஊர்க்காரர்களுக்குப் பழுதுபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க சார்" என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அமைப்பை மாற்றியதைத் தலைவரிடம் மறைத்தது, தாளை மடித்து வைத்தது, மதுரைப் போன். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அவள் கண் ஒருமுறை கீழே போய்வந்தது.

"மதுரை தெரியாது. மத்தது தெரியும் சார்" என்றாள். "மாத்துனதை நீங்களே சொன்னீங்க. யாரு, என்னைக்குன்னு பெட்டியிலயும் பதிவாயிருக்கும்ல. விசாரணைக்கு மொத நாளே பார்த்துட்டேன்."

"அத்தாட்சி கையில இருந்துமா சும்மா இருந்த?"

"என் பாதியை நான் சொல்லிட்டேன். மிச்சப் பாதி உங்களது. அதை நான் எப்பிடிச் சொல்றது? நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னைக்கு இல்லாட்டி மறுநாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன். கொஞ்ச நாள் அப்பிடியே இருந்தேன்."

எனக்குக் கும்பிடத் தோன்றியது. கையெடுத்தேன். அவள் அதைப் பார்க்க விரும்பாமல் திரும்பி, மோட்டார் பெட்டியின் மூடியை எடுத்தாள்.

"என்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போகுது. எனக்குத்தான் தெரியுமே. அந்தக் குரங்கணி அக்காவுக்குத் தெரியுமா?"

திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டி மதுரைக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். வேறு ஆளை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். கோயம்புத்தூர்த் தலைவருக்கு விவரமாக எழுதினேன். 'முடிந்த விஷயம்' என்று பதில் வந்தது. குரங்கணிக்குப் போக மட்டும் எனக்கு இன்னும் பத்து நாள் ஆனது.

அந்த அம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முறத்தில் காய் பிரித்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. "வாப்பு, யாரு?" என்றார். சொன்னேன். எதிரே மண்ணில் உட்கார்ந்துகொண்டு, பெட்டியைப் பற்றி அவருக்குப் புரியும்படி சொல்லி, அதை மாற்றியவன் நான், அந்தப் பெண் வேண்டாமென்று சொல்லியும் கேட்காதவன் நான், பழியை அவள்மேல் போட்டதும் நான் என்றேன். முறம் மடியில் அசையாமல் இருந்தது. என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அப்ப, அந்தப் புள்ள?" என்றார்.

"வேண்டாம்னு சொன்ன ஒரே ஆள் அதுதாம்மா" என்றேன்.

"ரெண்டு வருசமா அந்தப் புள்ளையத்தானப்பு சாபம் விட்டு வஞ்சுக்கிட்டிருக்கேன். விளக்கு வச்சுக் கும்பிடும்போதெல்லாம் அதைத்தான் வஞ்சிருக்கேன். அது வயித்துல ஒரு புழுபூச்சி தங்கக்கூடாதுன்னு வஞ்சிருக்கேன். அதையெல்லாம் நான் இப்ப எங்க போயி எடுக்கிறது?"

முறத்தைக் கீழே வைத்தார். ஊன்றுகோலை எட்டி எடுத்தார்.

"அது ஊரு எது?"

"சிலமலை."

"ஜீப்பு கொண்டாந்திருக்கேல்ல. வெரசாக் கெளப்பு."

வண்டியில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். சிலமலையில் கிணற்றுப் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். நான் இறங்கப்போனேன்.

"நீ இங்கனையே இரு" என்றார்.

வரப்பில் ஊன்றி ஊன்றி நடந்து போனார். அவள் பார்த்துவிட்டு எழுந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். இருவரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் பேசினார் அந்த அம்மா. ஒருமுறை தலையில் அடித்துக்கொள்வதும் அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்குவதும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு அந்த அம்மா தனியாகத் திரும்பி வந்தார். அவள் வரவில்லை. நான் முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவர் என்னைத் தாண்டி ஜீப்பின் பின்பக்கம் போனார். படி உயரமானது. ஊன்றுகோலை முதலில் உள்ளே போட்டார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, முட்டியை ஊன்றி, ஒருமுறை வழுக்கி, மறுபடி ஏறினார். நான் நீட்டிய கை அங்கேயே இருந்தது. அவர் லோடு ஏற்றும் தரையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். குரங்கணி போய்ச் சேரும் வரைக்கும் அப்படியேதான் உட்கார்ந்து வந்தார்.